தாயம் விழாவிட்டால்

1

இந்தக் கதை ஓர் ஆட்ட விதியிலிருந்து பிறந்தது. பரமபதத்தில் பாம்பின் வாயில் விழுந்த காய் நேரே வாலுக்கு இறங்க வேண்டும். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் மட்டும், இறங்குமுன் ஒரு தடவை கட்டையை உருட்ட விடுவார்கள். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால் பாம்பு கடிக்காது. இப்படி ஒரு விதி யாருக்குத் தோன்றியிருக்கும் என்று யோசிக்கப்போய் மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஜெயம்மாள் பயந்த சுபாவம் உள்ளவள். அண்ணன் சொல்லை ஒருநாளும்..."

அடித்துவிட்டேன். அவளை அப்படி எழுதுவது சுலபமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம்.

மறுபடியும்: 1971. அமாவாசை, தறி ஓடாத மதியம். ஜெயம்மாளுக்குச் செங்கல்பட்டு டெலிபோன் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக் காலை போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. மூன்று மணிக்கு பஸ். வாசற்படியை மறித்துப் பரமபதப் படத்தை விரித்து உட்கார்ந்திருக்கிறான் அண்ணன் துரைக்கண்ணு; எதிரில் அவன் மனைவி லோகாம்பாள்.

"எங்கம்மா, பொட்டியோட கெளம்பிட்ட?"

"தெரியாத மாதிரி கேக்காதண்ணா. வழிய வுடு."

"ஊர்ல இருக்கறவன்லாம் அலோன்னா, இவ பதில் சொல்லணுமாம்!" துரைக்கண்ணு சிரித்தான். "சரி, ஒரு சான்ஸு தரேன். நம்ம வூட்டு ரூலுதான். தாயம் போடு, போ. விழலன்னா பொட்டிய உள்ள வை."

"இன்னாங்க இது, அவ பொழப்ப வெச்சி வெளையாடிக்கினு!" என்றாள் லோகாம்பாள்.

3

(இங்கே பேனாவை வைத்துவிட்டேன். தாயத்தை விழவைக்க எனக்கு ஒரு வரி போதும். அப்புறம் அவள் போவது என் தயவில். விழாமல் செய்தால் நீங்கள் கண் கலங்குவீர்கள். கதை நன்றாயிருக்கிறது என்பீர்கள்.)

முடிவு, அ: தாயம் விழுந்தது. துரைக்கண்ணு வாயடைத்து... வேண்டாம்.

முடிவு, ஆ: விழவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே...

இந்த வாக்கியத்தை முடிக்க ஜெயம்மாள் விடவில்லை.

4

அவள் கட்டைகளைக் கையில் வாங்கினாள்.

"விழலன்னா?"

"பாம்பு கடிச்சா கீழ எறங்கணும். அதானே ஆட்டம்?"

"கடிக்கறதும் நீ, கட்டை குடுக்கறதும் நீயாண்ணா?"

லோகாம்பாள் பக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கும் உறைத்தது, அவனைப் போலத்தானே நானும் கட்டையை நீட்டிக்கொண்டிருந்தேன்?

ஜெயம்மாள் உருட்டினாள், ஓங்கி. கட்டைகள் படத்தைத் தாண்டித் தரையில் ஓடிக் கட்டிலுக்கு அடியில் போய் நின்றன. என்ன விழுந்தது என்று பார்க்கத் துரைக்கண்ணு எழுந்து ஓடினான். வாசற்படி காலியானது.

5

எண்ணை நான் எழுதமாட்டேன். அவனோடு சேர்ந்து நீங்களும் கட்டிலுக்கடியில் குனிந்து பாருங்கள், ஆட்சேபணை இல்லை. நீங்கள் நிமிர்வதற்குள் செங்கல்பட்டு பஸ் ஐயம்பேட்டையைத் தாண்டியிருக்கும்.