மிஸிஸ் பார்லோ சொன்னது

தவமணி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான். நாலாம் நாள் காலை, வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகை குளிர், மனுசி கார் விடுகிற கராச்சுக்குள் நின்று மீன் பொரிக்கிறார். சேலைக்கு மேல் மருமகனின் பனி ஜக்கெற், காலிலும் மருமகனின் பெரிய சப்பாத்து, தலையில் கம்பளித் தொப்பி. புகை போகட்டும் என்று கராச் கதவை ஒரு முழம் உயர்த்தி விட்டிருந்தார். அதால் புகை போனதோ இல்லையோ, குளிர் தாராளமாக உள்ளே வந்தது. எழுபத்தாறு வயது, நிமோனியா வந்து செத்துப் பிழைத்த உடம்பு. பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியாதா?

கனடாவில் இந்த அஜக்ஸ் நகரத்துத் தமிழர் வீடுகளில் கராச்சுக்குள் ஓர் அடுப்பு இருப்பது ஒன்றும் புதினமில்லை. மீன் பொரிக்க, நண்டு காய்ச்ச, நாலு பேர் சாப்பிட வந்தால் பெரிய சட்டி ஏற்ற எல்லோரும் வைத்திருப்பதுதான். ஆனால் தவமணி பருப்பைக்கூட அங்கேதான் அவித்தார். கோடையென்ன, பனியென்ன, ஒரு கடுகு வெடிப்பதென்றாலும் கராச்சில்தான் வெடிக்க வேண்டும். மகள் நிரூபா வீட்டுக் குசினியில் புகையை இழுக்கப் பெரிய மெஷின் பூட்டிக் கொடுத்தாள். அதன் கீழே தேத்தண்ணியைத் தவிர இன்றுவரை வேறொன்றும் கொதித்ததில்லை.

"அம்மா, உங்களுக்கு விசரே?" நிரூபா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "டொக்டர் என்ன சொன்னவர்? இந்தக் குளிருக்க நிண்டால் திரும்பவும் வரும், வந்தால் இந்தமுறை தப்பமாட்டியள் எண்டெல்லே சொன்னவர்?"

"சொன்னவர்தான். பக்கத்து வீட்டுச் சனத்துக்கு டொக்டரே வந்து பதில் சொல்லப்போறார்?"

"பக்கத்து வீட்டில ஆர்? வேரோனிக்கா அன்ரி! அவ கருவாடு பொரிச்சால் எங்கட சன்னல்சீலையெல்லாம் மணக்குது."

"அவ பொரிக்கட்டும் பிள்ளை. அவவுக்கு ஆரும் வீட்டு வாசலில வந்து நிண்டு மூஞ்சைக்கு நேர சொல்லேல்லை. எனக்குச் சொன்னவை."

பேச்சு எப்போதும் இந்த இடத்தில்தான் வந்து முட்டும். அம்மாவின் வாசலில் வந்து நின்று சொன்னது யார் என்று நிரூபாவுக்கு நன்றாகத் தெரியும்.

அது நடந்தது இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில் ஒரு கிராமத்தில், நிரூபா சின்னப்பிள்ளையாக இருந்தபோது. ஒரே ஒரு தெரு, ஒரு கல் தேவாலயம், வாத்து நீந்துகிற குளம், நாளுக்கு இரண்டு தரம் வருகிற பஸ், சுற்றிவர முட்டைக்கோவா வயல். பெருந்தெருவோரத்துப் பெற்றோல் செட்டில் அப்பா சிவபாதத்துக்கு வேலை கிடைத்ததால் போய்ச் சேர்ந்தார்கள். ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் பகல் முழுக்க பெற்றோல் செட்டில் நின்றார்.

ஒன்பது வயது நிரூபாவுக்கு ஊர் பிடித்துப்போனது. வாத்துக்குப் பாண் துண்டு பிய்த்துப் போட்டாள். வேலியோரத்து முள்ளுப்பழம் பிடுங்கித் தின்று வாயெல்லாம் கறுப்பாக்கினாள். மே மாதம் பள்ளிக்கூட முற்றத்தில் கம்பம் நட்டு, நாடா பிடித்துச் சுற்றிச் சுற்றி ஆடினாள். ஆறு மாதத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் போலவே இங்கிலிஷ் இழுத்துப் பேசினாள். தவமணிக்கு வந்தது மூன்று சொல்: குட்மோர்னிங், தாங்க்யூ, சொறி. மிச்சத்துக்கெல்லாம் மகள்தான் வாய்.

ஒட்டிக் கட்டிய பக்கத்து வீட்டில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் மிஸிஸ் பார்லோ இருந்தார். புருஷன் இல்லை, மகன் கீத் வேறு ஊரில். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிற மனுசி அவர்தான். ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டினார். உன் அம்மா சமைக்கிற வாசம் என் குசினிக்குள் வருகிறது, எனக்கு வாயூறுகிறது, எப்படிச் சமைப்பது என்று காட்டித் தருவாரா, புதன்கிழமை பின்னேரம் என் வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு வரச் சொல், கேக் சுட்டு வைக்கிறேன் என்று நிரூபாவிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

அதற்கு முதல் கிழமைதான் வகுப்பில் ஒருத்தி நிரூபாவைப் பார்த்து மூக்கைப் பொத்திக் காட்டியிருந்தாள். திங்கட்கிழமை இந்த மனுசி பள்ளிக்கூடச் சாப்பாட்டு மேசையில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், நிரூபாவின் அம்மா கறி காய்ச்சப் பழக்கினார் என்று சொல்லிவிட்டால்? தலையில் எண்ணெய் வைத்து, சேலைக்கு மேல் சுவெற்றர் போட்டு அம்மா அந்த வீட்டுக்குப் போய், கேக்கைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டால்?

"என்னவாம் பிள்ளை?" என்று தவமணி ஆசையாகக் கேட்டார். ஊருக்கு வந்து முதல் முதலாகக் கதவைத் தட்டிய ஆள் அல்லவா?

"எங்கட கறி நாறுதாம் அம்மா. சன்னலைப் பூட்டிப்போட்டுச் சமைக்கட்டாம்."

ஒன்பது வயதுப் பிள்ளை, வாய் கூசாமல் சொன்னது. தவமணியின் முகம் செத்துப்போனது. மிஸிஸ் பார்லோவைப் பார்த்து, "சொறி, சொறி" என்றார். அந்த மனுசி ஒன்றும் விளங்காமல் நிரூபாவைப் பார்த்தார். அம்மாவுக்குப் புதன்கிழமைகளில் வேலையிருக்கிறதாம், அதுதான் சொறி என்கிறார் என்று நிரூபா இங்கிலிஷில் சொல்லி முடித்தாள்.

அன்றைக்கே தவமணி சன்னல் விளிம்புகளுக்கெல்லாம் ரேப் என்கிற பசை நாடா ஒட்டினார். கதவடியில் துவாய் சுருட்டி வைத்தார். குசினிச் சுவரில் பூஞ்சணம் பிடித்தது, மனுசிக்கு இருமல் பிடித்தது. மிஸிஸ் பார்லோ தன் வீட்டு அப்பிள்களைப் பையில் போட்டு வாசலில் தொங்கவிடுவார். தவமணி அதைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டுவார். "முகத்தில அடிச்சுப்போட்டு இப்ப அப்பிளோ?" நிரூபா யாரும் பார்க்காத நேரம் ஒன்றை எடுத்துக் கழுவித் தின்பாள். நல்ல இனிப்பு அப்பிள்.

மூன்று வருடம் இப்படியே போனது. ஒரே ஒரு நாள் மட்டும் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வீட்டுச் சன்னலெல்லாம் ஆவென்று திறந்து கிடந்தது, தெருமுனைவரை மீன் பொரியல் மணத்தது. அம்மா பாட்டுக்கூட முணுமுணுத்தார். நிரூபா நாலு துண்டு தின்றாள். அந்தக் கிராமத்தை நினைத்தால் மனம் போய் ஒட்டிக்கொள்வது அந்த ஒரு நாளில்தான்.

பிறகு, "எங்கட சனம் இருக்கிற இடத்துக்குப் போவம்" என்று தவமணி தலைகீழாக நின்று சிவபாதத்தைக் கனடாவுக்குக் கிளப்பினார். சிவபாதம் இங்கே வந்து, உழைத்து, போய்ச் சேர்ந்தும் விட்டார். நிரூபாவின் பொய் மட்டும் சுகமாக இருந்தது.

இப்போது கராச்சுக்குள் அம்மா இருமினார். ஒரு கை சுவரைப் பிடிக்க, மற்றக் கை மீன் கரண்டியை விடவில்லை. இந்தப் பொய் அம்மாவைக் கொன்றுதான் ஓயும் என்று நிரூபாவுக்குப் பட்டது.

"அம்மா, மிஸிஸ் பார்லோ அப்பிடிச் சொல்லவேயில்லை. நான்தான் பொய் சொன்னனான்."

தவமணி மீனைப் பிரட்டினார். "எதை?"

"கறி நாறுதெண்டதை. அவ ஒண்டுமே பிழையாச் சொல்லேல்லை."

"அப்ப என்னத்துக்கு வந்தவ?"

"வாசம் நல்லாயிருக்கு, காட்டித் தாங்கோ எண்டு கேக்க வந்தவ. உங்களைப் புதன்கிழமை தேத்தண்ணிக்குக் கூப்பிட்டவ. கேக் சுட்டு வைக்கிறன் எண்டவ. எனக்கு வெக்கமாயிருந்தது அம்மா. உங்களை நினைச்சு வெக்கமாயிருந்தது."

தவமணி அடுப்பை நிறுத்தினார். மூலையில் அடுக்கியிருந்த கோடைகாலக் கார் ரயர்களின் மேல் மெல்ல உட்கார்ந்தார். அடிப்பார், திட்டுவார், குழறுவார் என்று நிரூபா காத்து நின்றாள். அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மூண்டு வருசம் எனக்குக் கதைக்க ஒரு ஆள் இல்லை பிள்ளை," என்றார் தவமணி. "சுவருக்கு அங்கால அவவின்ர றேடியோ கேக்கும். நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பன்."

"தெரியும் அம்மா."

"உனக்கு என்ன தெரியும்? அவ செத்தவ எல்லே? நீ பள்ளிக்கூடத்தில நிக்கேக்க அவவின்ர பெட்டி எங்கட வாசலாலதான் போனது. நான் அண்டைக்கு ரேப்பையெல்லாம் உரிச்சு, எல்லாச் சன்னலையும் திறந்துவிட்டிட்டு மீன் பொரிச்சனான். வேணுமெண்டுதான் பொரிச்சனான். பின்னால நடந்துபோன அவவின்ர மகன் கீத் திரும்பிப் பாத்தவன். நான் கரண்டியோட சன்னலில நிண்டு அவனை நேர பாத்தனான். சிரிச்சனான் பிள்ளை."

நிரூபா தின்ற நாலு துண்டும் அந்த மீன்தான். ஐயோ, அந்த நாளைத்தான் முப்பத்தைந்து வருடமாக ஆசையோடு நினைத்துக்கொண்டிருந்தாளா?

"அம்மா, என்னை மன்னியுங்கோ."

தவமணி எழுந்து, மீன் பொரித்த தாச்சியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்குள் போனார். பெரிய சப்பாத்தோடு நேரே குசினிக்குப் போய், புதிதாகவே கிடந்த அடுப்பில் தாச்சியை வைத்தார். சன்னலைத் தள்ளித் திறந்தார். குளிர் அடித்தது. நிரூபா ஓடிப்போய்ப் பூட்டப் பார்த்தாள்.

"விடு, கிடக்கட்டும்." தவமணி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உந்த போனுக்க ஆரையும் தேடிப் பிடிக்கலாம் எண்டு சொல்லுவியே. கீத்தைத் தேடு."

"தேடி?"

"நான் சொல்லுறன். நீ அவனுக்கு இங்கிலிசில சொல்லு." கரண்டியை எடுத்து மகளின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தமுறை ஒரு சொல்லும் மாத்தாமல் சொல்லு."