லோகேஸ்வரனிடம் சிப் இல்லை

1
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அந்தப் பொய்யைச் சொன்னவர் லோகேஸ்வரன். பினாங்கில் மாக் மண்டின் என்ற வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் உழைத்தவர். (பெயரை மாற்றிவிட்டேன். ஆனாலும் படித்தால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று ஆளுக்குத் தெரியும்.)

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "ஜார்ஜ்டவுனில் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை..." மழையாவது மண்ணாவது! அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.

2
எல்லாவற்றுக்கும் காரணம் எண்பதுகளில் வந்த ஒரு வீட்டுக் கணினி. செய்த கம்பெனி என்றோ மூடியாயிற்று. பினாங்கில் இன்னும் அதை ஓட்டுகிறவர்கள் ஐந்தே பேர். மாதம் ஒருமுறை ஜாலான் டத்தோ கிராமாட்டில் ஒரு காப்பிக்கடையில் கூடி, இதன் எதிர்காலம் என்னாகுமோ என்று கவலைப்படுவார்கள். அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஒருவருடைய கணினி செத்தால் பாகங்களைக் கழற்றி மற்றவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த ஐவரில் ஒருவரான ருக்குமணியின் கணினித் திரை இருண்டுபோனது. திரையில் படம் காட்டும் வீடியோ சிப் போய்விட்டது. அவருடைய தம்பி சாவதற்குமுன் அந்தக் கணினிக்கு ஒரு விளையாட்டு எழுதியிருந்தான். போட்டதும் "அக்கா, ரெடியா?" என்று திரையில் எழுத்து வரும். தினமும் காலையில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் ருக்குமணி... (வேண்டாம். அழவைத்துக் காரியம் சாதிக்கிறேன் என்பீர்கள்.)

"அண்ணே, அந்த சிப் உங்ககிட்ட ஒன்னு இருக்கா?"

லோகேஸ்வரன் வீட்டு அலமாரியில், பிஸ்கட் டின்னுக்குள் மூன்று இருந்தன. ஒன்றைக் கொடுத்துவிட்டு, நாளைக்குத் தன்னுடையது போனால்? மாற்றிப் போட்டதும் போனால்?

"இல்ல லா, ருக்கு. இருந்தா குடுக்க மாட்டேனா?"

3
கெட்டவர் என்று எழுதத்தான் பார்த்தேன், வரவில்லை. ருக்குமணியின் தம்பியைத் தன் காடியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரே இவர்தான். பயம் வந்துவிட்டால் மனுஷன் மனுஷனாகவா இருக்கிறான்?

4
அடுத்த மாதம் ருக்குமணி கணினியையே காப்பிக்கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்து லோகேஸ்வரன் முன்னால் வைத்தார்.

"சட்டம் சட்டம்தானே, அண்ணே. உங்களோடதாச்சும் ஓடட்டும், கழட்டிக்குங்க. வர்ற ஞாயித்துக்கிழம தம்பியோட டிஸ்க்க எடுத்துட்டு உங்க வீட்டுக்கு வரேன். ஒரு தடவ போட்டுப் பாத்துக்கறேன்."

முடிவு ஒன்று: லோகேஸ்வரன் விழுந்தடித்து வீட்டுக்கு ஓடி, டின்னை எடுத்துவந்து... (பச்சைப் பொய்.)

முடிவு இரண்டு: "வெச்சிட்டுப் போ, ருக்கு" என்றார். கணினியைத் தூக்கிப்போய்க் காடியில் வைத்தார்.

நடந்தது இரண்டாவதுதான். ஐந்து பேரில் நானும் ஒருவன், அதே மேசையில்தான் இருந்தேன். டின் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு சிப் எனக்கு என்று லோகேஸ்வரன் போன வருஷமே சொல்லியிருக்கிறார். தலையைக் குனிந்து காப்பியைக் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக் கதவைத் தட்டப்போகிறவரிடம் யார் உண்மையைச் சொல்வது? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த சிப் வேண்டும்.