வலது இறக்கை

கிரேன் ஈ பெரிய கொசுவைப் போலிருக்கும், ஆனால் கடிக்காது. எந்த இனம் என்று சொல்ல, பூச்சி ஆய்வாளர்களான நாங்கள் முதலில் இறக்கை நரம்புகளைத்தான் பார்ப்போம். இறக்கையின் நடுவே நரம்புகள் சூழ்ந்த சிறு கட்டம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் சேருமுன் என் நண்பன் எடுத்த படத்தில், கூடுதலாக ஒரு நரம்பு அந்தக் கட்டத்தை இரண்டாக வெட்டியிருந்தது.

"புது இனம்க்கா" என்று படுக்கையிலிருந்தபடி தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அடுத்த வாரம் இறந்துவிட்டான். இப்போது அக்கா அவனுடைய கேமராவோடு என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அதுக்கு அவன் பேரை வைக்கணும் தம்பி. ஈக்குப் போய்ப் பேரான்னு எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்."

படத்தில் இடது இறக்கை மட்டுமே தெரிந்தது. சில பூச்சிகளுக்கு ஒரு பக்கம் மட்டும் நரம்பு பிசகி வளர்வதுண்டு. புது இனமென்றால் இரு பக்கமும் அப்படி இருக்க வேண்டும். அடுத்த படத்தைப் பெரிதாக்கினேன். அதே சுவரில், கால் ஒடிந்த அதே ஈ. வலது இறக்கையில் கட்டம் வெட்டுப்படாமல் முழுதாக இருந்தது.

"புதுசு இல்லக்கா. சாதாரண இனம்தான்."

"அவனுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதைப் பார்க்கத்தான் இந்தப் பக்கமா வந்து எடுத்திருக்கான்."

அக்கா கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அன்னிக்கு நான் அழுதுக்கிட்டே இருந்தேன். நிறுத்தறதுக்காகச் சொல்லியிருக்கான். ஒழுங்காப் பொய் சொல்லவும் தெரியாது அவனுக்கு" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வலது பக்கப் படத்தையே பெருசாப் பிரிண்ட் போட்டுக் குடுங்க தம்பி."