இருபத்துநான்கு அங்குல வழி

நான் போடுவது பெட்டிதான். இன்றைக்கும் பெட்டி, நாளைக்கும் பெட்டி. மயில் போடமாட்டேன், பூ போடமாட்டேன், வீட்டுக்கு வருகிறவர்கள் ‘அடடே’ என்று நின்று பார்க்கிற மாதிரி ஒன்றும் போடமாட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் அவள் தினமும் மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டுப் பென்சிலைச் சீவுவாள். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. வெளியூரில் வேலை கிடைத்துப் போன மகள் அலமாரியில் விட்டுச்சென்ற ஓவியப் பயிற்சிப் புத்தகம்தான் எதிரே விரிந்திருக்கும். முதல் பாடமே இருநூற்றைம்பது பெட்டிகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு கோணத்தில் திரும்பியிருக்க வேண்டும். மகள் ஒன்பதோடு நிறுத்தியிருந்தாள். அம்மா பத்தாவதிலிருந்து பிடித்துக்கொண்டாள்.

போட்டு முடித்ததும் சிவப்புப் பேனா எடுத்து, பெட்டியின் விளிம்புகளைப் பின்னோக்கி நீட்ட வேண்டும். ஒரே திசையில் ஓடுகிற கோடுகள் தூரத்தில் தண்டவாளம் மாதிரி நெருங்கி ஒரு புள்ளியில் சேர்ந்தால் பெட்டி சரி. முதல் வாரத்தில் ஒன்றும் சேரவில்லை. துடைப்பக் குச்சிகளாக விரிந்துகொண்டு போயின. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் பெருத்த பெட்டிகள். தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

இந்தக் கணக்கு அவளுக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்பது அவளுக்கே மெல்லத்தான் புரிந்தது. கல்யாணமாகி இருபத்துநான்கு வருஷமாகத் தான் செய்தது சரியா தப்பா என்பதை அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருந்தாள். புருவம் சுருங்கினால் தப்பு. பேச்சு வராவிட்டால் பெரிய தப்பு. சிவப்புக் கோட்டுக்குப் புருவம் கிடையாது.

“என்ன, பெட்டிக்கடை திறந்தாச்சா?” என்பார் கணவர், டீ குடிக்க உள்ளே வரும்போது. வீட்டை ஒட்டியே அவருடைய பட்டறை. சமையலறை அலமாரிகள் செய்கிற பட்டறை.

“இத்தனை பெட்டி எதுக்குடி? யாரையாவது கட்டி அனுப்பப் போறியா?” என்பார் மாமியார்.

“உங்களைத்தான் அத்தை. கொஞ்சம் பெரிசா ஒண்ணு போட்டுட்டிருக்கேன்.”

“காத்து வர ஓட்டை வை,” என்று சொல்லிவிட்டு மாமியார் முட்டியைத் தேய்த்துக்கொள்வார்.

இருநூற்றுப் பதினொன்றாவது பெட்டி போட்ட வாரத்தில், பட்டறைக்குக் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுக்கிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். ஒரு வாடிக்கையாளர் சனிக்கிழமை வருவதாக இருந்தது. ஓய்வு பெற்ற நர்ஸ். இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வாக்கர் பிடித்து நடக்கிறவர். அவர் வீட்டுச் சமையலறை அகலம் ஆறடி. இரண்டு பக்கமும் அலமாரி, நடுவில் வழி. அளவுச் சீட்டு இருக்கிறது, காட்டப் படம் இல்லை.

கணவர் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். “நீதான் தினமும் கோடு கோடா போடறியே. இதுக்கு ஒரு படம் போட்டுத் தாயேன். நல்லா வந்துச்சுன்னா இனிமே எல்லாத்துக்கும் நீயே போடு.”

சரி என்று தலையாட்டினாள். தன் கோடு ஒன்று இந்த வீட்டு வாசலைத் தாண்டப்போகிறது. யாரோ ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, தன் வீட்டு மரவேலையை அதன்படி தீர்மானிக்கப்போகிறார். இவ்வளவு ஆசை தனக்குள் இருந்ததா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். அளவுச் சீட்டில் இருந்தது மேலேயிருந்து பார்க்கிற படம். கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லிக்குத்தான் அப்படித் தெரியும். அவள் சமையலறை வாசலில் நிற்கிறவளின் கண்மட்டத்தில் கோடிழுத்து, இரண்டு பக்க அலமாரிகளையும் நீளமான இரண்டு பெட்டிகளாக நிறுத்தினாள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஆளில்லாத அறை அளவு சொல்லவில்லை. வழியில் ஒரு வாக்கரை நிறுத்தினால் கண்ணுக்குப் பிடிபடும் என்று தோன்றியது. வாக்கரும் ஒரு பெட்டிதானே, நாலு கால் வைத்த வெறும் பெட்டி.

நர்ஸுக்கு ஃபோன் செய்தாள். “அக்கா, உங்க வாக்கர் எத்தனை அங்குலம் அகலம்?”

“அதை யார் அளந்தா? எனக்கு ஊசி போடத்தான் தெரியும். இரும்மா, டேப் எங்கயோ கிடக்கு.” நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. “இருபத்தஞ்சு. கால் பக்கத்துல.”

போட்டாள். வாக்கர் இரண்டு அலமாரிக்குள்ளும் புதைந்து நின்றது. கை தவறிவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் புதைந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, உள்நோக்கி ஓடுகிற எல்லா விளிம்பையும் நீட்டினாள். அத்தனையும் ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்தன. பிறகுதான் அளவுச் சீட்டை எடுத்தாள். ஆறடியில் ஒரு பக்கம் இரண்டடி, மறுபக்கம் இரண்டடி. வழிக்கு மிச்சம் இருபத்துநான்கு அங்குலம்.

தப்பு தன் கையில் இல்லை. இப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தாள். நினைத்த பிறகும் அது அப்படியே நின்றது.

சனிக்கிழமை காலையில், சிவப்புக் கோடில்லாத நல்ல பிரதி மேஜைமேல் இருந்தது. முதலில் பார்த்தவர் மாமியார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “இது யாருடி, நடுவழியில மாட்டிக்கிட்டது?”

கணவர் வந்து எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “நிஜமாவே நல்லா போட்டிருக்க,” என்றார். குரலில் கேலியே இல்லை. அதைக் கேட்க அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று அவருக்குத் தெரியாது. “அந்த வாக்கர் மட்டும் வேணாம். அதை எடுத்துட்டு வழியைக் கொஞ்சம் அகலமாக் காட்டு.”

“வழி அவ்வளவுதாங்க இருக்கு. ஒரு பக்கம் மட்டும் அலமாரி வச்சா தாராளமா போவாங்க.”

“ரெண்டு பக்கத்துக்கும் பலகை அறுத்தாச்சு. அவங்களும் ரெண்டு பக்கம்தான் கேட்டாங்க.”

“மாட்டிக்குவோம்னு தெரியாமக் கேட்டாங்க.”

“படம்னா கொஞ்சம் முன்னப் பின்னத்தான் இருக்கும். முன்னாடி இருந்தவன் அறையை மைதானம் மாதிரி காட்டுவான். யாராவது வந்து கேட்டாங்களா?”

“அவங்க இன்னும் அந்த மைதானத்துலதான் நடந்துக்கிட்டிருப்பாங்க. இங்க வந்து கேக்க எங்க நேரம்?”

மாமியார் இருமினார். அது சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

கணவர் ரப்பரை எடுத்து அவள் கைப்பக்கம் நகர்த்தினார். கோபம் இல்லாமல், ஒரு முதலாளி நல்ல வேலையாளிடம் பேசுகிற தன்மையோடு சொன்னார்: “இங்க பாரு. உனக்குக் கை வந்திருக்கு. இந்த ஒண்ணை மட்டும் நான் சொல்ற மாதிரி பண்ணிக் குடு. அடுத்த மாசம் நாலு வீடு இருக்கு, எல்லாத்துக்கும் நீதான். இல்லேன்னா சொல்லு, நான் வேற ஆளைப் பாக்கணும்.”

பெட்டிப் பாம்பு என்று தன்னைச் சொந்தக்காரர்கள் புகழ்ச்சியாகச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இப்போதும் அடங்கிப்போவது சுலபம்தான். எந்தக் கோட்டை எங்கே நகர்த்தினால் வழி விரியும் என்று அவளுக்குத் தெரியும்; பத்து நிமிஷம் கூட ஆகாது. நாலு வீடு. நாலு படம். ஆசை இருந்தது. அதைப் பொய் என்று அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. பத்து நிமிஷத்தில் அந்தக் கோடு நகர்ந்தால், நாளை மூன்று மணிக்கு எந்தக் கண்ணால் பார்த்துப் பென்சில் பிடிப்பது என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

“வேற ஆளைப் பாருங்க,” என்றாள்.

“யோசிச்சுத்தான் சொல்றியா?”

“ம்.”

“நாலு மணிக்கு வந்துடுவாங்க. நான் என்னத்தைக் காட்டறது?”

“இதைக் காட்டுங்க. காட்ட மனசில்லைன்னா விடுங்க. இதை நான் மாத்த மாட்டேன்.”

அவர் அவளையே பார்த்தார். அவர் புருவம் சுருங்குவதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.