கழற்றிய பிடிகள்

அந்தக் கட்டடத்தின் முன்பக்கச் சாரத்தை அடிப்பலகையிலிருந்து ஏழாம் தட்டு வரை தன் ஆட்களை வைத்துக் கட்டியவர் சாரக்காரர்தான். பார்ப்பவர்களுக்கு அது இரும்புக் கோட்டை மாதிரித் தெரியும். கட்டியவருக்குத் தெரியும், அது தன் காலில் நிற்பதில்லை. சுவரில் துளைபோட்டு முடுக்கிய குட்டைக் குழாய்கள்தான் அதைக் கட்டடத்தோடு இழுத்துப் பிடித்திருந்தன. தளத்தில் அவற்றுக்குப் ‘பிடி’ என்று பெயர். மொத்தம் இருபத்தெட்டு பிடி.

பூச்சு வேலை தொடங்கினால் பிடிக்கு ஆபத்துதான். குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் கரணை ஓடாது. அதனால் பக்கத்தில் வேறொன்றை மாட்டிவிட்டுத்தான் இதைக் கழற்ற வேண்டும், அதையும் சாரக்காரரின் ஆட்கள்தான் செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் பூச்சுக்காரரின் இடுப்பில் கரணையோடு ஒரு ஸ்பேனரும் எப்போதும் தொங்கும். கேட்டால், “உங்க ஆளு வர்றதுக்குள்ள கலவை கல்லாயிடும் மச்சான்” என்பார்.

பூச்சுக்காரர் சாரக்காரருடைய தங்கை வீட்டுக்காரர். சிக்கலே அதில்தான் இருந்தது.

போன மாதம் ஒருநாள், கழற்றிய பிடியைத் திரும்ப மாட்டிவிட்டதாகப் பூச்சுக்காரர் சொன்னார். சாரக்காரர் தலையாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் ஏறிப்போய்க் குழாயை உலுக்கிப் பார்த்தார். சரியாகத்தான் மாட்டியிருந்தது. கீழே கலவை குழைத்துக்கொண்டிருந்தவன், “சொந்த மச்சானே நம்பமாட்டேங்கிறாரே!” என்று சிரித்துவிட்டான். பூச்சுக்காரர் ஒரு வாரம் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கை அண்ணனைத் தேடி வந்தாள்.

“நாலு பேர் முன்னாடி அவர அப்படிச் சோதிக்கணுமாண்ணே? அவரு சொன்னா சொன்னதுதான். அந்த மரியாதையக்கூடக் குடுக்கமாட்டியா?”

“அது மரியாதை விஷயம் இல்லம்மா…”

“வீட்ல நான் படுறபாடு எனக்குத்தான் தெரியும். இனிமே வேணாம்ணே.”

சரி என்றார்.

அதன்பிறகு ஒருநாள் மாலை, தெருவில் தூசி பறக்கிறது என்று யாரோ புகார் செய்ய, சூப்பர்வைசர் ஆள்விட்டு முன்பக்கச் சாரம் முழுவதையும் பச்சை வலையால் மூடச் சொன்னார். நெருக்கமாக நெய்த வலை. மறுநாள் காலை சாரக்காரர் ஏணியடிக்கு வந்தபோது உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. இப்படி மூடினால் காற்று உள்ளே புகுந்து போகாது, பாய்மரத்தை இழுப்பதுபோலச் சாரத்தை இழுக்கும்; இன்னும் எத்தனை பிடி கூடுதலாக வேண்டும் என்று யோசித்தார். ஏணியில் தொங்கிய அட்டையில் அவர் கையெழுத்து விழுந்தால்தான் மேலே ஆள் ஏறலாம்.

“போடுங்க மச்சான், நேரமாகுது.”

“எத்தன பிடி கழட்டியிருக்கீங்க மாப்ள?”

“ரெண்டே ரெண்டு. மூணாம் தட்டுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணு. மத்தியானத்துக்குள்ள மாட்டிருவேன்.”

“ஒரு எட்டு ஏறிப் பாத்துட்டு வந்துர்றேனே.”

பூச்சுக்காரர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். “பாருங்க, பாருங்க. வரும்போது என் பல்லையும் எண்ணிட்டுப் போங்க.”

இரண்டு பேர் சிரித்தார்கள். சாரக்காரர் ஏணியில் வைத்த கையை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பூச்சுக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கழற்றியது இரண்டுதான். ஜன்னல் சட்டம் மாட்டியவர்களும் இடைஞ்சலாக இருக்கிறது என்று ஆளுக்கு இரண்டு கழற்றியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் இறக்கியவர்களும் அப்படியே. இரண்டுதானே என்று எல்லோரும் நினைத்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

பத்து மணிக்குமேல் காற்று திரும்பியது. பின்பக்கத்தில் குழாய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த சாரக்காரருக்கு முதலில் சத்தம்தான் கேட்டது. கொடியில் காயும் போர்வையை யாரோ உதறுவது மாதிரி. ஓடிவந்து பார்த்தார். பச்சை வலை மூச்சை இழுத்த வயிறு போல உப்பி, மெதுவாக அடங்கியது. அடங்கும்போது இரும்பு முனகியது.

அவர் ஏணியைத் தொடவில்லை. கட்டடத்துக்குள் நுழைந்து படிக்கட்டில் ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார். இரண்டாம் மாடியில் பிடி இருக்கவேண்டிய இடத்தில் புதுத் தண்ணீர்க் குழாய் ஓடியது. மூன்றில் ஒன்று இல்லை. நான்கில் மூன்று இல்லை. ஐந்தில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதற்குமேல் அவர் எண்ணவில்லை.

ஏழாம் மாடியில் ஒரே ஒரு ஜன்னல். அதற்கு எதிரே பலகையில் நின்ற இரண்டு பேரைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். பூச்சுக்காரர் மறுகோடியில், ஜன்னலே இல்லாத சுவரோரம் நின்று பூசிக்கொண்டிருந்தார். இருபது அடி தூரம்.

“மாப்ள, கரணையக் கீழ வைங்க. பெல்ட்டக் கழட்டிட்டு இந்தப் பக்கமா வாங்க.”

“பெல்ட்டையா? தினம் மாட்டு மாட்டுன்னு உயிர எடுக்கிற வாயா இது?”

பெல்ட்டின் கொக்கி சாரத்தின் குழாயிலேயே மாட்டியிருந்தது; சாரம் சாய்ந்தால் அதுவே ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். அதை எப்படிச் சொல்வது என்று சாரக்காரருக்குத் தெரியவில்லை.

“விளையாட்டு இல்ல மாப்ள. கழட்டுங்க. சுவரோரமா வாங்க. ஓடாதீங்க, மெதுவா.”

“பொண்ணு பாக்க வந்தவன மாதிரி நடக்கச் சொல்றீங்க.” சொல்லிக்கொண்டே கொக்கியை விடுவித்தார். நடக்கத் தொடங்கினார்.

பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்கூட இடைவெளி இருக்கக் கூடாது. சாரக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு முழமானது. காற்று தணிந்ததும் குறைந்தது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. பூச்சுக்காரரும் குனிந்து பார்த்துவிட்டார். ஒரு கையைச் சுவரில் வைத்து, குழந்தை நடை பழகுவதுபோல நடந்தார். சுவரில் இருந்த கை நீண்டுகொண்டே போனது. கடைசியில் விரல்நுனி மட்டும் ஈரப்பூச்சில் கோடு போட்டது.

ஜன்னலுக்கு நாலு எட்டு இருந்தது.

வலை மறுபடி உப்பியது. இந்தத் தடவை அடங்கவில்லை. ஐந்தாம் மாடியில் எதுவோ தெறித்த சத்தம் கேட்டது. ஏழு தட்டும் ஒன்றாக, அவசரமே இல்லாமல், கட்டடத்தை விட்டு விலகித் தெருப்பக்கம் சாய்ந்தன.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் சாரக்காரர் எதையும் மறைக்கவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றார். ஏன் என்று அவர் கேட்கவில்லை, எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான்காம் நாள், துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு, தங்கை கேட்டாள்.

“கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஏறிப் பாத்தியாண்ணே?”

“இல்லம்மா.”

“ஏன்?”

அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை அவளிடம் மட்டும் சொல்ல முடியாது.

“முழங்கால் வலிம்மா. காலைல இருந்தே.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏழு மாடி ஓடியே ஏறினதா உள்ள இழுத்த ஆளுங்க சொன்னாங்களே.”

அவர் குனிந்து முழங்காலைத் தடவினார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நான் அன்னைக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.”

இல்லை, இல்லை என்று சாரக்காரர் தலையாட்டினார். அவள் பார்க்கவில்லை.