கையேட்டுக்கு நான் எழுதிய பக்கம்

1
இதைக் கேட்டது அலுவலகம். புதிய மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சிக் கையேட்டில் என் 'வெற்றி அனுபவம்' ஒரு பக்கம் வேண்டுமாம். எழுத உட்கார்ந்தேன். வந்தது இது.

முதல் தொடக்கம்: "பார்சல் பிரிக்கும் பிரிவில் என் பட்டப்பெயர் சைரன். ஒரு பெட்டி தப்பான ஊரின் கம்பிக்கூண்டில் விழுந்தால் போதும், என் கத்தலில் கட்டடமே அதிரும்." (உண்மைதான். ஆனால் சிரிப்பு வருகிறது. சிரிக்கவைக்கும் தகுதி எனக்கில்லை.)

2
சைரனை மாற்ற அலுவலகம் அனுப்பிய பயிற்சி இரண்டு நாள். விடையைச் சொல்லாதே, கேள்வி கேள். கேட்டபின் மனத்துக்குள் பத்து எண்ணிக் காத்திரு. ஒரு வாரம் வீட்டிலும் பழகச் சொன்னார்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல.

"அக்கா, முகவரி அழிஞ்சிருக்கு, என்ன செய்ய?"

"நீ என்ன செய்யலாம்னு நினைக்கிற?"

"ஐயோ, அக்காவுக்கு உடம்பு சரியில்லடா!"

மூன்று மாதத்தில் தவறுகள் பாதியாகின.*

3
அந்த முதல் வாரம், ஞாயிறு காலை. கணவர் (முதலில் 'ஒரு கதாபாத்திரம்' என்று எழுதி அடித்தேன்) சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. தோள் வேற இழுக்குது."

கிளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம் என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?"

"அடேயப்பா! சைரனுக்கு என்ன ஆச்சு?"

நான் சிரிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு, ஏழு.

"கொஞ்சம் படுத்தா சரியாயிடும்."

"நல்ல முடிவு" என்றேன். பாராட்டவும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பதினொரு மணிக்கு எழுப்பப் போனபோது அவர் கை

4
(அந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கினேன். அப்படியே கிடக்கட்டும்.)

அவர் போய் ஆறு மாதம். மகள் இன்றும் சொல்கிறாள்: "அழுத்தக்காரர்மா அப்பா. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பிழைச்சிருப்பார்."

"ஆமாடி" என்கிறேன். செத்தவர்மேல் பழியைப் போட்டுவிட்டு, அவள் ஊட்டும் சோற்றை வாங்கிக்கொள்கிறேன்.

5
இந்தப் பக்கத்துக்கு நான் யோசித்த முடிவுகள்:

சொல்கிறேன்; மகள் கட்டிக்கொண்டு அழுகிறாள். (என்னை நானே மன்னித்துக்கொள்வது. அடித்தாயிற்று.)

சொல்கிறேன், அவள் பேச்சை நிறுத்துகிறாள். (தண்டனை கிடைத்ததென்று நிம்மதியாகிவிடுவேன். இதுவும் எனக்குச் சாதகம்.)

சொல்லவில்லை. (தினமும் இதைத்தான் எழுதுகிறேன்.)

நான் எதை எழுதினாலும் பிழை பார்ப்பவள் மகள். "என்னம்மா, அந்தப் பக்கம் முடிஞ்சுதா?" என்று கேட்டபடி உள்ளே வருகிறாள். தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுகிறாள்.

அடுத்த வரி என்னுடையதல்ல.

* அவர் போன பிறகும் பிரிவில் அதே கேள்வியைத்தான் கேட்டேன். பலித்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.