நடுவில் ஓர் ஊர்

தொலைதூரக் கல்வியில் சமூகப்பணி படிப்பவர்கள் உதவியையும் தூரத்திலிருந்துதான் செய்ய வேண்டும். உதவி செய்பவருக்கும் பயனாளிக்கும் நடுவில் குறைந்தது ஓர் ஊராவது இருக்க வேண்டும் என்பது விதி. கிட்டே போய்ச் செய்கிற உதவியெல்லாம் ரெகுலர் காலேஜில் படிக்கிறவர்களுக்கு.

கோவில்பட்டியில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த சண்முகக்கனி இந்தப் படிப்பில் சேர்ந்ததற்கு ஒரே காரணம் பக்கத்து வீட்டு மாரீஸ்வரி. மாரீஸ்வரியின் புருஷன் கருத்தப்பாண்டி லேத் பட்டறைக்குக் கிளம்பும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிடுவான். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு விசிலடித்தபடி போவான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கூத்துதான். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சினால் இந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றுவிடும். ஒருநாள் கனிக்குப் பொறுக்கவில்லை. தெருவிலேயே அவனை மறித்து, "அவ என்ன ஆடா மாடா, அடைச்சு வச்சிட்டுப் போறதுக்கு?" என்று கேட்டுவிட்டாள். அவன் ஏற இறங்கப் பார்த்தான்.

"கேக்கிறதுக்கு நீ யாரு?"

சரி, கேட்கத் தகுந்த ஆளாக ஆகிவிட்டே வந்து கேட்கிறேன் என்று அந்த வாரமே படிப்பில் சேர்ந்தாள்.

பயனாளிகளைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்குவார்கள். கனிக்கு மாரீஸ்வரியே விழுந்தாள். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்ற சந்தோஷத்தோடு விருதுநகர் மையத்துக்கு நேர்முக வகுப்புக்குப் போனாள். நேர்முக வகுப்பு என்றால், ஒருங்கிணைப்பாளர் அருள்ராஜ் சார் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பார், மாணவர்கள் இந்தக் கோடியில் உட்கார வேண்டும். அவர் வாய் அசைவது தெரியும். காற்று தோதாக அடித்தால் பாடம் கேட்கும். அன்றைக்குக் காற்று தோதாகத்தான் அடித்தது.

"பயனாளி பக்கத்து வீடாம்மா? நீங்க உங்க வீட்டுல இருங்க, சமைங்க, தூங்குங்க. உதவி மட்டும் அங்க இருந்து செய்யக் கூடாது" என்று கத்தினார்.

"சார், அவ சுவருக்கு அந்தப் பக்கம்தான் சார் இருக்கா. ஒரு சுத்தியல் போதும்!"

"சுத்தியல் ரெகுலர்ல வரும்மா. உங்க பாடத்துல கிடையாது."

"அப்ப நான் படிப்பையே விட்டுட்டா?"

"விட்டாலும் அவங்க உங்க பேர்லயேதான் கிடப்பாங்க. ஒருத்தருக்கு ஒதுக்குன பயனாளிய வேற யாரும் தொடக் கூடாது. பெத்த தாயா இருந்தாலும் சரி."

கனிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஒரு சுவர் தள்ளி இருக்கிறவளுக்குக் கை கொடுக்க, அவளை விட்டுவிட்டு ஊர் தாண்டி ஓட வேண்டுமாம்! இந்த விதியை எந்த மகராசன் ரூம் போட்டு யோசித்து எழுதினானோ, அவன் வீட்டில் தீப்பிடித்தால் பக்கத்து ஊரிலிருந்துதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். நாசமாய்ப் போக. ஆனாலும் வேறு வழி இல்லை, சனிக்கிழமை பஸ் ஏறினாள்.

கோவில்பட்டிக்கும் விருதுநகருக்கும் நடுவில் சாத்தூர் இருக்கிறது. விதிக்கு அது போதும். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஏற்கெனவே களப்பணிக்காரர்கள் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். ராஜபாளையம் பக்கம் பார்த்து நின்ற ஒருவர், "குடிக்காதீங்க அண்ணாச்சி, பிள்ளைகள நினைச்சுப் பாருங்க" என்று காற்றிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். மதுரைப் பக்கம் திரும்பிய ஒரு பெண், அங்கிருக்கும் யாரோ ஒரு குழந்தையின் தலையை வெறுங்காற்றில் தடவிக்கொண்டிருந்தாள். பூக்கூடைக்காரர்கள் இடிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். கனி தெற்கே பார்த்து நின்று, "மாரி, தைரியமா இரு, நான் இருக்கேன்" என்றாள். பிறகு சுத்தியல் பிடிப்பதுபோல் கையை மடக்கி, பூட்டு தொங்கும் உயரத்தைக் கணக்காகப் பார்த்து ஓங்கி அடித்தாள். தோள்பட்டை விட்டுப்போகிற வரைக்கும் அடித்தாள்.

செவ்வாய்க்கிழமை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாரீஸ்வரி கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க சொன்னது இப்பத்தான் வந்துச்சு. 'தைரியமா' மட்டும்தான் இருக்கு. மத்ததக் காணோம்."

"பூட்டு?"

"அது அப்படியேதான் தொங்குது."

கனி ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தாள். அது உதவியில் சேர்ந்துவிடும். அதனால், "மாவு புளிச்சிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். அன்று தைத்த ஜாக்கெட் கை இரண்டும் கோணலாகப் போயிற்று.

வாரங்கள் இப்படியே போயின. ஒரு சனிக்கிழமை பஸ் சாத்தூரில் நின்றபோது, வெள்ளரிக்காய் விற்கும் வெள்ளையம்மா ஜன்னலோரமாக வந்து கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விருதுநகர்ல நின்னு பூட்ட உடைக்கிறது நீதான?"

"ஆமாக்கா."

"அம்புட்டும் எங்க ஊர்லதான் எறங்குது தாயி. ஒரு வீட்லயும் பூட்டு நிக்க மாட்டேங்குது. பேருதான் சாத்தூரு, ஒரு கதவச் சாத்த முடியுதா? இதுல 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு ராவும் பகலும் காதுல கேக்குது. யாரு இருக்கா, எங்க இருக்கா, ஒண்ணும் தெரியல."

கனி நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க வெள்ளையம்மாவுக்கு மூக்கு விடைத்தது. கூடையைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"அடப்பாவிகளா! வாசல்ல நின்னு தெறக்க வேண்டிய கதவுக்கு இம்புட்டு அலைச்சலா? ஏந்தாயி, நடுவுல ஒரு ஊரு இருக்கணும், அம்புட்டுத்தான அவங்க சட்டம்? அது இன்ன எடத்துலதான் இருக்கணும்னு சொல்லியிருக்கா?"

"இல்லையே."

"அப்ப நீ வீட்டுக்குப் போ. நாங்க வாரோம்."

புதன்கிழமை காலையில் சாத்தூர் வந்து சேர்ந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில், அந்தச் சுவர் கனத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் நெருக்கடிதான். ஊரோரம் ஓடும் வைப்பாற்றை மடித்து வைத்திருந்தார்கள். கனி வீட்டு அடுப்படியில் காராச்சேவு பொரிக்கிற வாசனை வந்தது. பஸ் கண்டக்டர்கள் வாசலில் விசிலடித்து, "சாத்தூர்லாம் எறங்கு" என்றார்கள்.

கனி தன் வீட்டை விட்டு நகரவில்லை. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சுத்தியலை ஓங்கினாள். இத்தனை வாரம் வெறுங்கையால் அடித்த ஆத்திரமெல்லாம் சேர்ந்து அதில் இறங்கியது. அடி வழக்கம்போல் சாத்தூரில் இறங்கியது. வெள்ளையம்மா அதைக் கூடையில் வாங்கிக்கொண்டாள். அவளிடமிருந்து சேவுக்கடைக்காரர் வாங்கினார். அவரிடமிருந்து தேர் இழுக்கிறவர்கள் வாங்கினார்கள். தெருத்தெருவாகக் கைமாறி, சூடு ஆறுவதற்குள் மாரீஸ்வரி வாசலில் போய் விழுந்தது. பூட்டு தெறித்துத் தெருச் சாக்கடையில் விழுந்தது. இதுவரை வழியில் இறங்கிக் கிடந்த 'நான் இருக்கேன்' எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி அவளிடம் கொடுத்தார்கள். மாரீஸ்வரி அந்த மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு சாத்தூர் வழியாக நடந்து கனி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கனிக்குக் களப்பணியில் பாஸ் போட்டார்கள். "நடுவுல ஊரு இருந்துச்சா?" என்று மட்டும் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கேட்டார் அருள்ராஜ் சார். இருந்தது என்றாள். சரி என்றார்.

அதே வாரம் மாரீஸ்வரியும் அந்தப் படிப்பில் சேர்ந்தாள். சீட்டுக் குலுக்கினார்கள். அவளுக்குக் கருத்தப்பாண்டி விழுந்தான்.

சீட்டு விழுந்த அன்று சாயங்காலம் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொண்டாட்டியை இழுத்துப்போக வந்தான். சாத்தூர் எல்லையிலேயே வெள்ளையம்மா கூடையைக் குறுக்கே வைத்தாள். "பயனாளி இதுக்கு மேல வரக் கூடாது தம்பி. சட்டம்" என்றாள். பின்னால் ஊரே எழுந்து நின்றது. அவன் அங்கே நின்றபடியே, அரைஞாண் கயிற்றுச் சாவி குலுங்கக் குலுங்கக் கத்தினான்.

"ஏட்டி மாரி! என்னையத் தூரத்துல நிறுத்தி வைக்க நீ யாருட்டி?"

கனி வீட்டில் மாரீஸ்வரி ஊசியில் நூலைக் கோத்து முடித்தாள். அவன் நின்ற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"சமூகப்பணி, முதலாமாண்டு" என்றாள். "நீங்க என் பயனாளி."

பதில் சாத்தூரில் இறங்கியது. அதைச் செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் அவனிடம் சேர்த்தார்கள். போகிற வழியில் 'நீங்க' மட்டும் 'நீ' ஆகிவிட்டிருந்தது.